பெரியப்பாவின் பத்துக் கோடு

“நீரிழிவைத் தவத்தால் வென்றவர். மற்றவர்கள் ஊசிமருந்தைக் கூட்டிக்கொண்டே போனபோது இவர் தவக்காலந்தோறும் குறைத்துக்கொண்டே போனார். இறுதியில் பத்துக் கோடு போதுமாயிருந்தது. உடலை அடக்கியவருக்கு மருந்தும் அடங்கும் என்பதற்கு இவரே சாட்சி.”

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின் ஆண்டுவிழா மலரில், முன்னாள் மூப்பர்கள் என்ற பகுதியில், என் பெரியப்பாவின் படத்துக்குக் கீழே இந்த வரிகள் அச்சாகியிருக்கின்றன. எழுதியவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். பெரியப்பாவின் பிறந்த திகதியைப் பிழையாகப் போட்டிருக்கிறார், அதை மன்னிக்கலாம். இந்த வரிகளை மன்னிக்க முடியாது. ஏனென்றால் போன கிளினிக் நாளில் இதை நீங்கள் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தீர்கள்.

ஆம், உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மாதத்துக்கொருமுறை வெறுவயிற்றோடு மன்னாருக்கு வந்து, இரத்தம் கொடுத்துவிட்டு, பணிஸ் ரொட்டி கடித்துக்கொண்டு நீண்ட வாங்குப் பலகையில் வரிசையாக இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு. நம்மில் ஒருவர் மற்றவரைக் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைகள் சுகமா என்பதல்ல. “உங்களுக்கு எத்தனை?” என்பதுதான். பன்னிரண்டு என்று சொல்பவர் நிமிர்ந்து இருக்கிறார். நாற்பது என்று சொல்பவர் மடியைப் பார்க்கிறார். படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள், பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள் நாம். ஊசியில் மருந்தளவு காட்டும் கோட்டை வைத்துத்தான் இன்னமும் ஆளை அளக்கிறோம்.

என் எண்ணைக் கேட்டதும் முன்னாள் தபாலதிபர் உச்சுக்கொட்டினார்.

“உவ்வளவோ? அப்பிடி என்னதான் ரீச்சர் சாப்பிடுறியள்?”

“உங்களைப்போல ரெண்டு பணிஸ் இல்லை. ஒண்டுதான்.”

வாங்கு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மலரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “நானும் இந்தத் தவக்காலத்திலை பாதியாக் குறைச்சுப் பாக்கப்போறன். மூப்பருக்கு ஏலுமெண்டால் எனக்கேன் ஏலாது?”

தபாலதிபரே, இதை வாசித்துவிட்டுக் குறையுங்கள்.

1974. அந்த வருடம் சாம்பல் புதன் பெப்ரவரி 27. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 14. பழைய கலண்டரில் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. ஊசி தொடங்கி மூன்று வருடம். அப்பா மீன்பிடித் தொழிலுக்காக அரிப்பு என்ற ஊரின் கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கியிருந்தார், உயிர்ப்புக்குத்தான் வருவார். மன்னார்த் தீவின் வடகரையில் எங்கள் வளவில் இரண்டு வீடுகள். ஒன்றில் அம்மாவும் நானும். மற்றதில் அப்பாவின் தமையனான பெரியப்பாவும் பெரியம்மாவும். அப்பா இல்லாத மாதங்களில் எங்களுக்கும் பெரியப்பாதான் அதிகாரி. கோவிலுக்கும் அவர்தான் மூப்பர். ஊருக்கு அவரைத் தாண்டி மேலே இருந்தவர் சுவாமி. சுவாமிக்கு மேலே கடவுள். அந்த இருவரும் பெரியப்பாவின் பேச்சில் குறுக்கிட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கும் ஊர் இனிப்பு வருத்தம் என்று சொன்ன நீரிழிவு. அவருக்கும் எனக்கும் ஒரே மருந்து, ஒரே கண்ணாடி ஊசி. ஊரில் ஒரேயொரு குளிர்ப்பெட்டி சுவாமியின் வீட்டில் இருந்தது, மண்ணெண்ணெயில் ஓடுவது. அதற்குள்ளே பூசைக்கான திராட்சை இரசத்துக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு மருந்துப் போத்தல்களும் இருந்தன. அதன் பூட்டுக்குரிய திறப்பு பெரியப்பாவின் இடுப்பில். விடிந்ததும் இரண்டு போத்தலையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கோவில் மணியடிக்கப் போய்விடுவார். அம்மா எனாமல் சட்டியில் ஊசியைக் கொதிக்கவைப்பா. ஊசிமுனை மழுங்கியிருந்தால் அம்மிக்கல்லின் ஓரத்தில் மெதுவாகத் தீட்டுவா. அந்தச் சத்தம் கேட்டதும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். தொடையில் ஏறும் வரைக்கும் திரும்பமாட்டேன். சட்டியின் சூடான உலோக மணம், துணியில் மண்ணெண்ணெய் மணம், கொஞ்சம் திராட்சை இரச மணம். இன்றைக்கு எல்லாம் பேனா ஊசி, எதுவும் மணப்பதில்லை.

மணியடித்துவிட்டு வந்து பெரியப்பா வாசலில் நின்று கேட்பார்.

“எத்தனை?”

“இருபத்திநாலு, அத்தான்.”

“என்ரை?”

“உங்களுக்குப் பதினெட்டு எடுத்து வைச்சிருக்கு.”

அவருக்குக் கண் மங்கல். ஊசியின் கோடுகள் அவருக்குத் தெரியாது. அம்மா சொல்வதுதான் எண். ஆனால் இருபத்திநாலுக்கும் பதினெட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய மனதை மூன்று வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. ஆனை மாதிரி ஆளான தனக்குப் பதினெட்டு, நெத்தலி மாதிரி இருக்கும் பெட்டைக்கு இருபத்திநாலு. இதற்கு அவர் கண்ட விளக்கம் ஒன்றேதான்: பெட்டை கள்ளத் தீன் தின்கிறாள்.

அதற்கு அவரிடம் ஒரு நீதிமன்றமும் இருந்தது. சிறுநீரைச் சோதிக்கும் நீலக் கரைசலும் ஒரு கண்ணாடிக் குழாயும். குழாயில் சில துளி விட்டுச் சுடவைத்தால், சீனி இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். சீனி கூடக் கூடப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். அந்தக் குழாயைப் பெரியப்பா யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது, சுவாமி நற்கருணையைத் தூக்குவதுபோல இருக்கும். செங்கல் நிறம் என்றால் தீர்ப்பு. கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி கூப்பனுக்கு மட்டும் கிடைத்த காலம் அது. தேத்தண்ணிக்கே சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக் குடித்த ஊரில், பன்னிரண்டு வயதுப் பிள்ளை களவாகத் தின்ன எங்கேயிருந்து சீனி வந்தது என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. யோசிப்பது மூப்பரின் வேலையில் சேராது.

இப்போது நான் வாசித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். என் கணையம் ஒன்பது வயதிலேயே வேலையை முற்றாக விட்டுவிட்டது. எனக்கு வேண்டிய இன்சுலின் முழுவதும் போத்தலிலிருந்துதான் வரவேண்டும். பெரியப்பாவுக்கு நாற்பத்தைந்து தாண்டி வந்த வருத்தம். அவருடைய கணையம் அரைநாள் வேலைக்காவது வந்துகொண்டிருந்தது. பதினெட்டை வெளியே வாங்கினார். மீதியை உள்ளே சுரந்தார். அந்த மீதிக்காக அவர் எந்தத் தவமும் செய்யவில்லை. அவருக்குத் தெரியாமலே நடந்த உபகாரம் அது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது, ஒருவன் கிணறு உள்ள வீட்டுக்காரன், மற்றவள் குடத்தோடு தெருக்குழாய்க்குப் போகிறவள் என்று தெரியாமல், யார் அதிகம் தண்ணீர் சுமக்கிறார் என்று சிரித்ததுபோல.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒறுத்தல் பற்றிப் பேசினார். எங்கள் கரையில் தவக்காலத்துக்கு ஒவ்வொருவரும் ஏதாவதொன்றை ஒறுப்பார்கள். இறைச்சி, சாராயம், சுருட்டு, சீட்டாட்டம். பிள்ளைகள் என்றால் இனிப்பு.

“நீ என்ன ஒறுக்கப்போறாய்?” என்று என்னைக் கேட்டார்.

“நான்தான் ஒண்டும் தின்னுறேல்லையே பெரியப்பா.”

“வாய்க்குக் குறைச்சலில்லை. நீ ஊசியை ஒறு. கிழமைக்கு ரெண்டு கோடு. நானும் குறைக்கிறன். உயிர்ப்பு வரேக்கை ரெண்டுபேரும் பத்திலை நிப்பம்.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா. “அத்தான், ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாவை ஒருக்காக் கேட்டிட்டு...”

“அவர் என்ன, பாவசங்கீர்த்தனம் கேக்கிறவரோ? மருந்து கூடக் கூடத்தான் தீனும் கூடும். மருந்தைக் குறை, தீன் தானாக் குறையும்.”

இந்த வாக்கியத்தை ஐம்பது வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு சொல்லாவது சரியாக இருந்தால் பெரியப்பாவுக்கு அந்த மதிப்பையாவது கொடுக்கலாமே என்று. இல்லை.

என் போத்தலைச் சுற்றி, மருந்து நிற்கும் மட்டத்தில் ஒரு கறுப்பு நூல் கட்டினார். கோடு தெரியாத கண்ணுக்கு நூல் தெரியும், நூலுக்குக் கீழே மருந்து எவ்வளவு இறங்கியது என்பதும் தெரியும். தன் போத்தலுக்கு அவர் நூல் கட்டவில்லை. மூப்பரை யார் சந்தேகப்படுவார்கள்?

அவருக்கு மருந்தளவு குறைந்தது, மறுக்கவில்லை. ஒருவேளைச் சாப்பாடு, வெள்ளிதோறும் வெறுங்காலோடு மணலில் சிலுவைப்பாதை, வயிறு இரண்டு விரற்கடை இறங்கியது. குறையச் சாப்பிட்டு, அதிகம் நடந்து, உடம்பும் இளைத்தால் இன்சுலின் தேவையும் குறையும். இது பாவிக்கும் நடக்கும், பரிசுத்தருக்கும் நடக்கும். உயிர்ப்பு ஞாயிறு ஆட்டிறைச்சியோடு அது திரும்ப ஏறியிருக்க வேண்டும். அந்த ஏற்றத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. மலரிலும் ஒரு சொல் இல்லை.

எனக்கு நடந்தது வேறு. மார்ச் 19, சூசையப்பர் திருநாள், செவ்வாய்க்கிழமை. அன்று நான் பெரியபிள்ளையானேன்.

பிள்ளை வளரும் அந்த வயதில் உடம்பு இன்சுலினோடு பிணங்கிக்கொண்டு நிற்கும். நேற்றுப் போதுமாயிருந்தது இன்று போதாது, கூட்டித்தான் ஆகவேண்டும். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்கள் வளவில் புத்தகம் இல்லை. வழக்கம் இருந்தது. என்னை உள்ளறை மூலையில் பாய்போட்டு இருத்தினார்கள். பள்ளிக்கூடத்துக்கு மணலில் போக வர நடந்த நடை நின்றது. கடற்கரை ஓட்டம் நின்றது. நடை குறைந்தாலும் இன்சுலின் கூடத்தான் வேண்டும். அதுவும் அந்த மூலையில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு பெரியம்மா களி கொண்டுவந்தா. உளுத்தங்களி; நல்லெண்ணெய் மிதக்க, பனங்கட்டி கரைத்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டும் கறுத்த உருண்டைகள். காலையிலும் பின்னேரமும்.

“பெரியம்மா, இதிலை பனங்கட்டியெல்லோ.”

“அதுக்கென்ன? இடுப்பு பலக்கவேணும். ஆவெண்டு.”

“பெரியப்பா ஏசுவார்.”

வாசலில் நின்ற பெரியப்பா உள்ளே வராமலே தீர்ப்புச் சொன்னார். “அது சாப்பாடில்லைப் பிள்ளை. அது மருந்து. தின்.”

ஒரு பக்கம் பனங்கட்டிக் களி, மறுபக்கம் குழாயில் செங்கல் நிறம், செங்கல் நிறத்தைக் கண்டதும், “களவாத் திண்டிருக்கிறாள், இன்னும் ரெண்டு கோடு குறை.” இந்த மூன்றையும் செய்தவர்கள் ஒரே ஆட்கள், ஒரே வளவில், ஒரே நாளில். கொடுத்த இனிப்பு கணக்கில் வராது. திருடாத இனிப்பு கணக்கில் வரும். நம் சனத்தின் எண்கணிதம் அது. நீங்கள் சிரிக்கவேண்டாம், போன மாதம் நம் வாங்கில் ஒருவர், திருநாள் வீட்டில் தின்ற தொதல் இனிப்பு கோவிலில் மந்திரித்தது என்பதால் சீனி ஏறாது என்றார். மூன்று பேர் ஓமென்று தலையாட்டினீர்கள்.

மார்ச் முடியும்போது செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். குடித்த கையோடு வெளியே போகவேண்டியிருந்தது. கன்னம் உள்ளே போய்விட்டது. மூலையில் இருத்திய பெட்டை கொழுக்கவேண்டும், இவளோ தேய்கிறாள் என்று பெரியம்மா களியைக் கூட்டினா. காலையில் அம்மாவின் ஊசி. வாசலில் கேள்வி. “எத்தனை?” “பதினாலு, அத்தான்.” நூலுக்குக் கீழே மருந்தும் அதற்கேற்ற அளவில்தான் இறங்கியிருந்தது. பெரியப்பாவுக்குத் திருப்தி. தனக்குப் பத்தாகிவிட்டதென்று கோவில் வாசலில் எல்லோருக்கும் சொன்னார். அதைக் கேட்டவர்களில் ஒரு இளம் வாத்தியார் பின்னாளில் அதிபராகி, ஓய்வும் பெற்று, மலரில் எழுதினார்.

ஏப்ரல் 7, குருத்தோலை ஞாயிறு. காலையிலிருந்து சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. வயிற்றைப் பிடுங்கியது. ஓடி வந்தவளைப்போல மூச்சு இழுத்தது. ஆனால் நான் பாயில் கிடந்தேன். வெளியே ஊர்வலம் புறப்பட ஆயத்தம். பெரியம்மா குருத்தோலைச் சிலுவையொன்றைத் தலைமாட்டில் செருக உள்ளே வந்து, குனிந்தவ, மோந்து பார்த்தா.

“இஞ்சை வந்து பாருங்கோ! வாயிலை டொபி மணக்குது!”

பெரியப்பா வழக்கத்தையும் மறந்து அறைக்குள்ளேயே வந்துவிட்டார். அவரும் மோந்தார். “பழ டொபி. எனக்குத் தெரியும், அண்டைக்கே தெரியும். எங்கையடி ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?”

இன்சுலின் போதாமல் உடம்பு தன் கொழுப்பைத் தானே எரிக்கத் தொடங்கினால் மூச்சில் அழுகிய பழம்போல, பழ டொபிபோல மணக்கும். பிறகு மயக்கம். பிறகு சாவு. மூலையில் கிடந்த பிள்ளையின் உடம்பு தன்னால் முடிந்த கடைசிச் சாட்சியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் டொபிக் கடதாசி தேடினார்கள். பாயைச் சுருட்டிப் பார்த்தார்கள். தலையணை உறையைக் கழற்றி உதறினார்கள். என்னைப் புரட்டிக் கீழே பார்த்தார்கள். உயிர் போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளையைச் சுற்றி, கையில் குருத்தோலையோடு, திருநாள் உடுப்போடு, இரண்டு பெரிய மனிதர்கள் கடதாசி தேடிய அந்தக் காட்சியை மலரில் போட்டிருக்கலாம். ஒரு முழுப்பக்கப் படத்துக்குத் தகும்.

அம்மா என்னைத் தூக்கினா. அவ பெரிய உருவமில்லை. வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டா. கத்தோலிக்கரின் லொறி ஒன்றும் அன்று ஓடாது. எருக்கலம்பிட்டி முஸ்லிம் வியாபாரி ஒருவரின் கருவாட்டு லொறி ஊர்வலத்துக்கு வழிவிட்டு ஓரத்தில் நின்றது. ஓட்டியவர் அந்த வியாபாரியேதான்.

“மன்னாருக்கோ தங்கச்சி? பிள்ளையைத் தாங்கோ. ஏறுங்கோ.”

பின்னாலேயே வந்த பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். “என்ன அவசரம்? பூசை முடியட்டும். ஊர் பாக்குது.”

அம்மா அவரிடம் குரல் உயர்த்திய முதலாவது தடவை அதுதான். “பூசையை முடிச்சிட்டு ஆறுதலா வாங்கோ அத்தான். வரேக்கை சவப்பெட்டியும் கொண்டு வாங்கோ.”

லொறிக்காரர் எஞ்சினை எடுத்தார். “ஊர்வலத்துக்கை விடுறன் மூப்பர். அல்லாவுக்காக அந்தக் கொடியைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்கோ.” குருத்தோலைகள் இரண்டு பக்கமும் விலகியதும், கருவாட்டு மணமும் மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னவர், பக்கத்துக் கட்டிலில் கிடந்த தன் தாயைப் பார்க்க நின்ற, நானாட்டான் ஊர்ப் பெண் ஒருவர். பூசை முடிந்து பெரியப்பாவும் வந்துவிட்டார். பெண் டொக்டர் கேட்டாராம்: “எத்தனை கோடு போட்டனீங்கள்?”

அம்மா பெரியப்பாவைப் பார்த்தா. “பதினாலு.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு கிழமைக்குக் கிட்ட.”

டொக்டர் எழுதுவதை நிறுத்தினாராம். “இல்லை. வளர்ற பிள்ளை, மூலையிலை இருத்தி, களியும் தீத்தி, பதினாலோ? உந்தப் பதினாலிலை இந்தப் பிள்ளை போன கிழமையே முடிஞ்சிருக்கும். உண்மையைச் சொல்லுங்கோ அம்மா. எவ்வளவு போட்டனீங்கள்?”

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பவும் “பதினாலு” என்றாவாம்.

நான் அங்கிருந்து வந்தபோது என் அளவு நாற்பதைத் தாண்டியிருந்தது. பெரியப்பா அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். “ஆஸ்பத்திரியிலை பிள்ளையைப் பழுதாக்கிப்போட்டாங்கள்.” வாடியிலிருந்து வந்த அப்பா அவரிடம் திறப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வளர்ந்து முடிந்தபின் என் அளவு இறங்கியது. பிள்ளை சுமந்தபோது ஏறியது. பெற்ற அடுத்த நாளே விழுந்தது. காய்ச்சலுக்கு ஏறியது. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதித்த வருடங்களில் இறங்கியது. ஒரே தொடையில் குத்திக் குத்தித் தசை கட்டியானபோது, மருந்து ஒழுங்காகச் சேராமல் வீணே ஏறியது. மூட்டு வலிக்குத் தந்த ஒரு மாத்திரை அதை இரட்டிப்பாக்கியது. ஒரே பெண், ஒரே உடம்பு. இத்தனை எண்களில் எந்த எண்ணில் நான் நல்லவளாக இருந்தேன் என்று நம் வாங்கு தீர்ப்புச் சொல்லட்டும்.

குறைந்த எண்ணில் கும்பிடு போடும் உங்களுக்கு இன்னொன்று. வாங்கின் கடைசியில் இருக்கும், வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டிக்கு அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்று கைகொடுத்தீர்கள். அவருடைய கால் வீக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. சிறுநீரகம் பழுதானால் போட்ட இன்சுலின் உடம்பை விட்டு வெளியேற நேரமெடுக்கும், அதனால்தான் குறைக்கிறார்கள். நீங்கள் வாழ்த்தியது அதைத்தான்.

இனி நான் சரிபார்க்க முடியாத ஒன்று. நான் வீட்டுக்கு வந்த கிழமை, பெரியப்பா எங்கள் அடுப்படி வாசலில் நின்று அம்மாவைக் கேட்டது எனக்குப் பாயிலிருந்து கேட்டது.

“என்ரை போத்தல் எப்பிடி முடிஞ்சது? பத்துப் பத்தா எடுத்தால் இன்னும் பாதி இருக்கவேணும்.”

“உங்கடை தவத்தைக் கேளுங்கோ அத்தான்.”

அவர் மேற்கொண்டு பேசவில்லை. வாய் ஓயாத மனிதர் ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார் என்பதுதான் ஐம்பது வருடமாக என் கேள்வி. ஒன்று: அவர் மணியடிக்கப் போன நேரத்தில், நூல் கட்டிய என் போத்தலில் பதினாலை எடுத்து, நூல் கட்டாத அவர் போத்தலில் மீதியை எடுத்து, சுவரைப் பார்த்துக் கிடந்த எனக்கு அம்மா ஏற்றியிருக்கலாம். டொக்டர் சொன்னது இதற்குச் சாதகம். மற்றது: கோவில் வாசலில் பத்து என்று சொன்ன மனிதர், திறப்பு தன் இடுப்பில் இருந்த தைரியத்தில், பின்னேரத்தில் தனக்கு இன்னொரு தடவை ஏற்றியிருக்கலாம். அவர் செத்தபின் அவருடைய ட்ரங்குப் பெட்டியில் இன்னொரு கண்ணாடி ஊசி இருந்தது; அது எந்த வருடத்தில் வாங்கியது என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டுமே நடந்திருக்கவும் இடமுண்டு.

அம்மா இறப்பதற்கு முதல் வருடம் நேரே கேட்டேன். “அம்மா, அந்தத் தவக்காலம் எனக்கு உண்மையிலை எத்தனை போட்டனீங்கள்?”

அவ பூவரசம் இலையால் ஈயை விரட்டிக்கொண்டு சொன்னா: “பதினாலு எண்டுதானே சொன்னனான்.”

போட்டது எத்தனை என்று சொல்லவில்லை. அது இன்னும் உறுதிப்படுத்தப்படாமலே இருக்கிறது.